திருமலைக் கரையில் விருந்தகம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்: மலைக் கோப்பிக்கு முற்பணம் கொடுங்கள்

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளி, நகரம், உவர்மலைப் பக்கங்களில் ஹோட்டலும் கெஸ்ட் ஹவுஸும் சாப்பாட்டுக்கடையும் நடத்தும் அனைவருக்கும் வணக்கம்.

நேரே விசயத்துக்கு வருகிறேன். உங்கள் காலைச் சாப்பாட்டு மேசையில் சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கும் பைக்கற் கோப்பியை எடுத்துவிட்டு, மலைநாட்டில் ஒரு குடும்பம் தன் கையால் பறித்து, கழுவி, காயவைத்த கோப்பியை அங்கே வையுங்கள். அதோடு இன்னொன்றும் கேட்கிறேன். வரப்போகும் அறுவடைக்கு உரிய காசில் ஒரு பங்கை இந்தச் சீசனிலேயே, கையில் காசு புழங்கும் ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே அவர்களுக்கு முற்பணமாகக் கொடுங்கள். இந்த இரண்டாவது கோரிக்கைதான் முக்கியம். அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் உவர்மலையில் சின்ன அளவில் கோப்பி வறுப்பவன். நீங்கள் வாங்கினால் வறுக்கும் கூலி எனக்கும் வரும். அதை மறைக்க ஒன்றுமில்லை. என்னை விட்டுவிட்டு நேரே அந்தக் குடும்பங்களிடம் வாங்கி நீங்களே வறுத்தாலும் எனக்குச் சந்தோசமே.

வருகிறவர்களுக்கு நம் நாட்டைத் தேயிலை நாடு என்றுதான் சொல்லிக் கொடுக்கிறோம். தேயிலைக்கு முன்னர் அந்த மலைகளில் நின்றது கோப்பி. 1820களில் கம்பளைப் பக்கம் பெருந்தோட்டமாகத் தொடங்கி, அடுத்த ஐம்பது வருடத்துக்குள் உலகத்துக்கே கோப்பி அனுப்பும் பெரிய நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. 1869இல் மடுல்சீமைப் பக்கம் இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிந்த ஒரு நோயைக் கண்டார்கள். ஹெமிலியா வஸ்டாற்றிக்ஸ் என்ற பூஞ்சணம் அது. இலைத்துரு நோய் என்கிறோம். இருபது வருடத்துக்குள் தோட்டம் தோட்டமாகக் கோப்பி அழிந்து, அந்த இடமெல்லாம் தேயிலையாக மாறியது. ஜேம்ஸ் ரெய்லர் என்ற தோட்டத்துரை 1867இல் லூல்கந்துரவில் தேயிலை நட்டிருந்தது அப்போது கைகொடுத்தது.

தமிழ்நாட்டிலிருந்து நம் சனத்தை முதலில் கொண்டுவந்ததும் கோப்பி பறிக்கத்தான். தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையால் மாத்தளை வரை நடந்து, வழியில் வாந்திபேதியிலும் பசியிலும் செத்தவர்கள் போக மீதிப்பேர் அந்த மலைக்கு ஏறினார்கள். 2023இல் மலையக மக்கள் 200 வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தபோது நம்மில் பலர் கைபேசியில் அந்தப் படங்களைப் பார்த்திருப்போம். 1977, 1983 இனக் கலவரங்களில் அடிபட்டு மலையிலிருந்து இறங்கி வந்து நம் மாவட்டத்திலேயே குடியேறிய குடும்பங்களும் உண்டு. உங்கள் சமையல்கட்டில் நிற்கும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், யாரோ ஒருவருடைய பூட்டன் கோப்பித் தோட்டத்துக்கு வந்தவராக இருப்பார்.

இனி நான் வாங்கும் இடத்தைப் பற்றி. புசல்லாவைக்கு மேலே, ஏறத்தாழ 4000 அடி உயரத்தில், ஒரு ஏக்கரும் கொஞ்சமும். அந்த வீட்டு அக்கா பல வருடம் மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்து சேர்த்த காசில் வாங்கிய காணி. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்த ஒருவர் தன் பெயரில் ஒரு ஏக்கர் காணிக்கு உறுதி வைத்திருப்பது மலையகத்தில் எவ்வளவு அபூர்வம் என்று அங்கே போய் வந்தவர்களுக்குத் தெரியும். பலாவும் முள்முருக்கும் நிழலுக்கு. முருக்கில் மிளகுக் கொடி. அதற்குக் கீழே வரிசையாக அரபிக்காக் கோப்பி மரங்கள். அக்கா, அவரின் கணவர், மூத்த மகள், வயதான தாயார், இவ்வளவு பேர்தான் வேலைக்கு. பறிக்கும் மாதங்களில் அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டொருவர் வருவார்கள்.

கோப்பிப் பழம் ஒரு கொத்தில் ஒன்றாகப் பழுக்காது. ஒரே கிளையில் கடும் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். சிவந்ததை மட்டும் ஒவ்வொன்றாகத் திருகி எடுத்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பவும் அதே மரத்துக்கு வரவேண்டும். பறித்ததைத் தண்ணீர் வாளியில் கொட்டுவார்கள். பூச்சி அரித்ததும் உள்ளே பொக்காக இருப்பதும் மிதக்கும், அதை அள்ளிக் கழித்துவிடுவார்கள். பிறகு கையால் சுற்றும் மெஷினில் தோலை எடுத்து, வழுவழுப்போடு இருக்கும் கொட்டையை ஓர் இரவு புளிக்க விடுவார்கள். பனி கூடிய நாட்களில் இன்னும் சில மணித்தியாலம் கூடும். ஆகிவிட்டதா என்று பார்ப்பது அந்த வயதான தாயாரின், அதாவது வீட்டு அம்மம்மாவின் பொறுப்பு. ஒரு பிடி எடுத்து, தண்ணீருக்குள் வைத்து உள்ளங்கையால் தேய்ப்பார். கை வழுக்கினால் மூடி வைத்துவிடுவார். சரசரவென்று உரசினால் உடனே கழுவச் சொல்வார். ஒரு மணித்தியாலம் தவறினாலும் கோப்பியில் பழைய கள்ளின் வாடை வந்துவிடும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அதற்குப் பிறகு காயவைப்பது. நிலத்தில் பரப்புவதில்லை. இடுப்பளவு உயரத்தில் வலை கட்டி, அதில் மெல்லிசாகப் பரப்பி, காலை முழுக்கக் கையால் கிளறிக்கொண்டே இருப்பார்கள். மத்தியானம் தாண்டிப் புகார் இறங்கினால் ஓடிப்போய் பிளாஸ்டிக் சீற்றால் மூட வேண்டும். இரண்டு கிழமைக்கு மேல் இந்த ஓட்டம். ஈரப்பதம் 10 முதல் 12 சதவீதத்துக்குள் வந்த பிறகுதான் மூட்டை கட்டலாம். அதற்கு மேல் ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும், கீழே போனால் வாசம் போய்விடும்.

ஸ்பெஷல்டி கோப்பி என்று உலகச் சந்தையில் சொல்வதற்கு ஓர் அளவு இருக்கிறது. பயிற்சி பெற்றவர்கள் பல கோப்பைகளில் ஊற்றி, மணம், சுவை, குடித்த பின் நாவில் நிற்பது, புளிப்பு, இனிப்பு, கோப்பைக்குக் கோப்பை மாறாமல் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துப் புள்ளி போடுவார்கள். 100க்கு 80 எடுத்தால் ஸ்பெஷல்டி. வறுக்கிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் 75க்குரிய கொட்டையை 80 ஆக்க முடியாது. நான் செய்யக்கூடியதெல்லாம் அந்த அம்மம்மாவின் கையில் வந்ததைக் கெடுக்காமல் உங்களுக்குத் தருவதுதான். ஒரு பச்சைப் பழம் கலந்தால் கோப்பை கசக்கும், அழுகியது ஒன்று கலந்தால் நாறும். பறிக்கும்போதே பாதி முடிந்துவிடுகிறது.

முற்பணத்தின் கதை இங்கேதான் வருகிறது. அந்தக் காணியில் சித்திரை மழைக்குப் பூ பூத்தால், பழம் சிவக்க ஏழு முதல் ஒன்பது மாதம் எடுக்கும். நவம்பரில் தொடங்கும் பறிப்பு ஜனவரி தாண்டியும் போகும். வீட்டில் காசு முடை அந்த மாதங்களில்தான். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு, மழையில் ஒழுகும் கூரை, கடைக்காரனின் பழைய கணக்கு. அதே நேரம் பார்த்து லொறியோடு ஒரு வியாபாரி வருவார். சிவப்புக்கும் பச்சைக்கும் அவரிடம் ஒரே விலை, காசு உடனே கையில். ஒரு கிளையை மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் உருவிக் கொடுத்தால் அன்றைக்கே அரிசி வாங்கலாம். பழுக்கும் வரை பொறுத்து, நாலு தடவை அதே மரத்துக்குப் போய், இரண்டு கிழமைக்கு மேல் காயவைத்து, பிறகு இரண்டு மாதம் காசுக்குக் காத்திருக்க எந்தக் குடும்பத்தால் முடியும்? நல்ல கோப்பி மலையில் ஏன் குறைவாக விளைகிறது என்று யாராவது கேட்டால் மண்ணையும் நோயையும் சொல்வார்கள். என் அனுபவத்தில், பழம் சிவக்கும் வரைக்கும் பொறுக்கக் காசு இல்லாததுதான் முதல் காரணம். ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் கன்று நட உதவி செய்கிறது, நல்ல விசயம். அறுவடை மாதத்தில் அடுப்பெரிய வழி செய்வது வாங்குகிறவர் கையில்தான் இருக்கிறது.

இப்போது நம் பக்கக் கணக்கைப் பாருங்கள். நமக்குச் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. பறித்த கோப்பி காய்ந்து, உள்தோலோடு ஒன்றிரண்டு மாதம் ஆறிக் கிடந்து, குடிக்கத் தயாராகி நம் கைக்கு வருவது ஏப்ரல், மே. நிலாவெளியில் அறைகள் நிறையத் தொடங்கும் மாதமும் அதுவே. இந்தப் பொருத்தம் கொழும்புக்கும் இல்லை, தெற்குக் கரைக்கும் இல்லை. அங்கே சீசன் டிசம்பரில் தொடங்குகிறது, புதுக் கோப்பி அப்போது இன்னும் வலையில் காய்ந்துகொண்டிருக்கும். ஒரே ஒரு சிக்கல்தான். அவர்களுக்குக் காசு தேவைப்படும் நவம்பரில் நமக்கு வாடை மழை, கடல் கொந்தளிப்பு, பூட்டிய அறைகள். அந்த மாதத்தில் உங்களிடம் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வீர்கள், சொல்வதும் நியாயமே. ஆனபடியால்தான் இப்போதே கேட்கிறேன்.

தொகை பெரிதென்று பயப்பட வேண்டாம். பத்து அறை உள்ள ஒரு கெஸ்ட் ஹவுஸை எடுங்கள். நாளுக்கு 40 கப், ஐந்து மாதத்துக்கு 6000 கப். ஒரு கப்புக்கு 12 கிராம் தூள் என்றால் மொத்தம் 72 கிலோ. வறுக்கும்போது எடை குறையும் என்பதால் வறுக்காத பச்சைக் கொட்டையாக 85 கிலோ அளவில் வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு நல்ல வருடத்தில் கிடைப்பது 300 கிலோவை ஒட்டித்தான். ஆக, உங்களில் மூன்று நாலு பேர் சேர்ந்தால் ஒரு குடும்பத்தின் முழு விளைச்சலையும் எடுத்துவிடலாம். அதில் மூன்றில் ஒரு பங்கை முற்பணமாக, நாலு பேர் பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொருவருக்கும் வருவது 25 கிலோவின் விலைதான். இன்னொரு கணக்கையும் மனதில் வையுங்கள். ஒரு கிலோ பச்சைக் கொட்டைக்கு ஆறு கிலோவுக்குக் குறையாத பழம் வேண்டும். நீங்கள் ஊற்றும் ஒரு கப்புக்குப் பின்னால் நாற்பது ஐம்பது பழம், ஒவ்வொன்றாகப் பறித்தது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்ததை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மேலே மலை சரிந்தது. கீழே மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கமெல்லாம் தண்ணீர். கொத்மலை, புசல்லாவைப் பக்கம் பெய்யும் மழை கடைசியில் வந்து விழுவது நம் கொட்டியாரக் குடாவில்தான். மேலே நடப்பது நமக்குச் சம்பந்தமில்லாத ஊர்க்கதை என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது. அந்தக் கிழமை அக்கா வீட்டில் பறித்து வைத்த பழம் வெயில் காணாமல் அப்படியே அழுகியது. காணியின் மேல் ஓரத்தில் ஒரு வரிசை மரம் மண்ணோடு போய்விட்டது. புதுக் கன்று வைத்தால் காய்க்க மூன்று நாலு வருடம். அதுவரைக்கும் அவர்கள் அந்த மலையில் நிற்க வேண்டும் என்றால், நின்று பிழைக்க ஒரு வழி வேண்டும்.

வாங்கிய பிறகு உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். இதில் தவறினால் அவ்வளவு பேரின் உழைப்பும் வீண்.

காலையில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்த்துத்தானே வாங்குகிறீர்கள்? கோப்பிக்கும் அதே கண் வேண்டும். பைக்கற்றில் வறுத்த திகதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் யார் தந்தாலும் வாங்காதீர்கள், நான் தந்தாலும்தான். வறுத்து ஒரு மாதத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். நம் ஊர் உப்புக்காற்றில் திறந்து வைத்த தூள் இரண்டு நாளில் செத்துப்போகும். கொட்டையாக வாங்கி, காற்றுப் புகாத ரின்னில் போட்டு, அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் அரையுங்கள். பச்சைக் கொட்டையை மொத்தமாக இங்கே இறக்கி அடுக்கவும் வேண்டாம், ஈரத்தை இழுத்துவிடும். உள்தோலோடு மலையிலேயே கிடக்கட்டும், மாதம் ஒருமுறை கண்டி பஸ்ஸிலோ தெரிந்த லொறியிலோ வரவழைக்கலாம்.

தண்ணீர் விசயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். உப்புவெளி, நிலாவெளிக் கிணறுகளில் பல சவர்த் தண்ணீர். அந்தத் தண்ணீரில் எந்தக் கோப்பியும் மண்ணாகத்தான் ருசிக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புக்களும் சுண்ணாம்பும் கோப்பியின் இனிய புளிப்பை அமுக்கிவிடும். நல்ல கோப்பி வாங்கியும் ருசி இல்லை என்று என்னிடம் வந்து சொன்ன ஒருவரின் சமையல்கட்டில் பிரச்சினை முழுக்கக் கிணற்றில்தான் இருந்தது. வடிகட்டிய தண்ணீரைப் பாவியுங்கள். ஆர்.ஓ. மெஷினில் வரும் தண்ணீரில் ஒன்றுமே இல்லாததால் அதிலும் கோப்பி சப்பென்றிருக்கும், சாதாரண நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கலந்தால் சரி. லட்சக்கணக்கில் காசு கொட்டி எஸ்பிரஸோ மெஷின் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு லீற்றருக்கு 60 கிராம், கொதித்து ஒரு நிமிசம் ஆறிய தண்ணீர், நாலு நிமிசம் ஊறல், பிறகு தேத்தண்ணி வடிக்கும் துணியாலேயே வடித்தாலும் அருமையாக வரும்.

நம் ஆட்களுக்கு மெல்லிய வறுவல் முதல் வாயில் புளிக்கும். அதற்காக அவர்களை வற்புறுத்த வேண்டாம். பாலும் சீனியும் போட்டுக் குடிப்பவர்களுக்கு அதே கொட்டையை இன்னும் கருக வறுத்துத் தரலாம். மல்லி, வேர்க்கொம்பு, நற்சீரகம் போட்டு இடித்த நம் வீட்டுக் கோப்பியையும் மேசைக்குக் கொண்டுவாருங்கள். வெளியூரிலிருந்து வருகிறவர் அதை வேறெங்கே போய்க் குடிப்பார்? நல்ல அரபிக்காவில் அதை ஒருதரம் போட்டுப் பாருங்கள், பழைய தூளுக்குத் திரும்ப மாட்டீர்கள்.

ஒன்றைச் சற்றுக் கோபத்தோடு சொல்கிறேன். போன சீசனில் ஓர் இடத்தில் சாப்பாட்டுப் பட்டியலில் மலைநாட்டுச் சிறுதோட்டக் கோப்பி என்று அழகாக அச்சடித்திருந்தார்கள், விலையும் அதற்கேற்றபடி. பிளாஸ்கில் இருந்தது கடையில் கிடைக்கும் தூள். முதல் மாதம் மட்டும் கொஞ்சம் வாங்கிவிட்டுப் பெயரை வைத்துக்கொண்டு சரக்கை மாற்றிவிட்டார்கள். இது குடிக்கிறவரை ஏமாற்றுவது. அதைவிட, அந்தக் குடும்பத்தின் பெயரில் அவர்கள் செய்யாத கோப்பியை ஊற்றுவது. வேறு தூள் ஊற்றுவதென்றால் தாராளமாக ஊற்றுங்கள், பெயரை எடுத்துவிடுங்கள். வாங்கினால் ஊரின் பெயரையும், பறித்த வருடத்தையும், குடும்பம் சம்மதித்தால் அவர்கள் பெயரையும் பட்டியலில் போடுங்கள். மிச்சக் காசை மூட்டை வந்து சேர்ந்த மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள். நாலு மாதம் கடன் சொல்லும் பழக்கம் கொழும்பு மொத்த வியாபாரியோடு சரிவரலாம். ஓர் ஏக்கர்க்காரரோடு அது சரிவராது.

உங்களில் விரும்புகிறவர்கள் நாலு நாலு பேராகச் சேருங்கள். ஒரு தாளில் எழுதிக்கொள்வோம்: எத்தனை கிலோ, என்ன விலை, முற்பணம் எவ்வளவு, மழையாலோ மண்சரிவாலோ விளைச்சல் குறைந்தால் அந்த நட்டத்தை யார் எவ்வளவு தாங்குவது. கடைசி விசயத்தை எழுதாமல் விட்டால் முழுப் பாரமும் மலையிலேயே விழும் என்பதால் அதை நான் வற்புறுத்துவேன். நம்பிக்கை வராதவர்கள் நேரில் போய்ப் பாருங்கள். விடிய கண்டி பஸ் ஏறினால் பின்னேரத்துக்குள் புசல்லாவையில் இறங்கலாம். தங்க இடமும் சோறும் அக்கா வீட்டில் உண்டு. அதே பக்கத்தில் இன்னும் இரண்டு மூன்று குடும்பங்கள் வாங்க ஆள் இருந்தால் தாங்களும் பழமாகப் பறிப்போம் என்று காத்திருக்கின்றன.

செப்டெம்பர் முடிவதற்குள் பதில் தெரிய வேண்டும். என் வறுக்கும் அறை பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு எந்த நாளும் திறந்திருக்கும். ஊற்றிக் காட்டுகிறேன், குடித்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள். வரும்போது உங்கள் சமையல்கட்டில் கோப்பிக்குப் பாவிக்கும் தண்ணீரில் ஒரு போத்தல் கொண்டுவாருங்கள், அதிலேயே போட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
உவர்மலையில் கோப்பி வறுக்கும் ஒருவன்